தவிட்டில் விளைந்த செல்வம்

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோகும் வீடுகளிலே, புதிதாகப் பிறந்த மகவைப் பிறரிடம் கொடுத்துவிட்டுச் சிறிது தவிட்டை ஈடாகத் தந்து மீள வாங்கிக்கொள்ளும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைக் கூற்றுவனும் ஒரு பொருளாக எண்ணான் என்பது அவ்வழக்கத்தின் உட்கிடை. உலகில் மிக மலிவான பொருள் யாது என்று எண்ணிப் பார்த்த முன்னோரின் நினைவில் முதலில் வந்தது தவிடு. தானியத்தைக் குற்றி, அரைத்து, புடைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்ட பின்னர் எஞ்சி நிற்பது அது. மாட்டுக்கும் கோழிக்கும் உரியதென்று அது ஒதுக்கப்படும்.

அத்தகைய தவிட்டின்மீது ஒரு பங்கசை வளரவிட்டு, அப்பங்கசு சுரக்கும் நொதியத்தைப் பிரித்தெடுத்து, உலகச் சந்தையில் விலைபோகும் பண்டமாக்கினார் ஒருவர். யப்பானிலே பிறந்து அமெரிக்காவிலே உழைத்த ஜோக்கிச்சி தக்காமினே என்பார் அவர். பயிர்த்தொழிலின் கழிவுகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டு நொதியங்களை ஆக்கும் இன்றைய பெருந்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்குவர். எனினும் அவர் செய்ய நினைத்தது ஒன்று. செய்து முடித்தது வேறொன்று. நினைத்தது தோல்வியுற்றதும், நினையாதது வெற்றி பெற்றதும் எவ்வாறு என்பதே இவ்வரலாற்றின் சாரமாகும்.

அதனை விளங்கிக்கொள்ள ஓர் அடிப்படை உண்மையை முதலில் அறிதல் வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் சோளத்திலும் நிறைந்திருப்பது மாப்பொருள். வெல்லத்தை மதுசாரமாக்க வல்லது மதுவம் எனப்படும் நுண்ணுயிர். ஆனால் மதுவத்தால் மாப்பொருளை நேரே உண்ண இயலாது. மாப்பொருளை முதலில் உடைத்து வெல்லமாக்கிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு உடைக்கும் கருவியே நொதியம்.

இந்தக் கருவியைப் பெறுதற்கு மேனாட்டாரும் கீழ்நாட்டாரும் வெவ்வேறு வழிகளைக் கண்டனர். மேனாட்டார் வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, முளைக்கச் செய்து, முளை சிறிது நீண்டதும் வெப்பத்தில் உலர்த்தினர். அதுவே மால்ட் எனப்படும் முளைத்தானியம். விதை முளைக்கும்போது தன்னுள் உறங்கும் மாவைக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டுவதற்காகத் தானே நொதியத்தை ஆக்கிக்கொள்ளும். அந்த நொதியத்தை மனிதர் தம் தேவைக்குப் பயன்படுத்தினர். 1833ஆம் ஆண்டிலே பாயன், பெர்சோ என்னும் இரு பிரெஞ்சு வேதியியலார் மால்ட்டின் சாற்றிலே மதுசாரத்தை ஊற்றி, அடியில் படிந்த வெண்ணிறப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு டயஸ்டேசு என்று பெயரிட்டனர். மனிதர் தனியே பிரித்தெடுத்த முதல் நொதியம் அதுவே.

கீழ்நாட்டார் விதையை முளைக்கவைக்கவில்லை, பங்கசை அழைத்தனர். யப்பானியர் அரிசியை ஆவியில் அவித்து, ஆறவைத்து, அதன்மேல் பங்கசின் வித்திகளைத் தூவி, வெதுவெதுப்பான அறையிலே தட்டுகளிற் பரப்பி வைப்பர். ஏறத்தாழ இரண்டு நாட்களில் அரிசி முழுவதும் வெண்ணிற இழைகள் படரும். அதுவே கோஜி. சாக்கே என்னும் மதுவுக்கும், சோயாச் சாற்றுக்கும், மீசோ என்னும் பருப்புக் களிக்கும் அடிப்படை அதுவே. பங்கசுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஆகவே உணவை உட்கொண்டு செரிப்பதற்குப் பதிலாக, நொதியங்களை வெளியே உமிழ்ந்து, உணவைப் புறத்திலேயே செரித்துப் பின்னரே உறிஞ்சிக்கொள்ளும். வெளியே உமிழ்வதால்தான் அந்நொதியங்களை நீரிற் கழுவி எடுக்க முடிகிறது. இப்பங்கசுக்கு 1876ஆம் ஆண்டிலே எர்மன் ஆல்பர்க் என்னும் செருமானியர் முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்பது அதன் இன்றைய பெயர்.

மாவை வெல்லமாக்கும் ஆற்றல் எவர் கையில் உள்ளதோ அவர் கையிலேயே மதுத்தொழிலின் இலாபமும் இருந்தது. கியோத்தோ நகரிலே கித்தானோ ஆலயத்தைச் சார்ந்த கோஜி ஆக்குவோர் குழுவினர், தம்மைத் தவிர வேறெவரும் கோஜி ஆக்கலாகாது என்னும் தனியுரிமையை நீண்டகாலம் பெற்றிருந்தனர். மது ஆக்குவோர் அதனை எதிர்த்தனர். 1444ஆம் ஆண்டில் அப்பிணக்குப் படைக்கலம் ஏந்திய கலகமாக முற்றி, கித்தானோ ஆலயமே தீக்கிரையாயிற்று. ஒரு பங்கசை வளர்க்கும் உரிமைக்காக மனிதர் உயிர்விட்ட வரலாறு அது. அதே பிணக்கு நானூற்று ஐம்பது ஆண்டுகளின் பின்னர், மற்றொரு கண்டத்திலே, வேறொரு வடிவில் மீண்டும் எழுந்தது.

ஜோக்கிச்சி தக்காமினே 1854ஆம் ஆண்டு தக்காவோக்கா என்னும் ஊரிலே பிறந்து, கனசாவா நகரிலே வளர்ந்தார். தந்தையார் மருத்துவர், மேனாட்டு விஞ்ஞானத்திலும் ஈடுபாடு உடையவர். தாயார் சாக்கே வடிக்கும் குடும்பத்திலே பிறந்தவர். இவ்விரு மரபுகளும் மகனின் வாழ்விலே ஒன்றுகூடின. யப்பான் தன் கதவுகளை மேனாடுகளுக்குத் திறந்துவிட்ட காலம் அது. இளமையிலேயே நாகசாக்கிக்கு அனுப்பப்பட்டு ஆங்கிலம் கற்ற தக்காமினே, தோக்கியோவின் பொறியியற் கல்லூரியிலே பிரயோக வேதியியல் பயின்று 1879ஆம் ஆண்டில் வெளியேறினார். அடுத்த ஆண்டு அரசினரால் கிளாஸ்கோ நகருக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றார். நாடு திரும்பி அரசாங்கப் பணியில் அமர்ந்த அவர், 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே தொடங்கிய பொருட்காட்சிக்கு நாட்டின் சார்பாகச் சென்றார். அங்கே அறிமுகமான கரோலின் இட்ச் என்னும் மங்கையை 1887ஆம் ஆண்டில் மணம் புரிந்தார். அவ்வாண்டிலேயே தோக்கியோவிலே செயற்கை உரத் தொழிற்சாலை ஒன்றும் அவர் முயற்சியால் தோன்றிற்று.

உரத்தொழிலோடு கோஜியின் ஆற்றலையும் தக்காமினே ஆராய்ந்து வந்தார். விஸ்கி வடிக்கும் அமெரிக்கர் மால்ட்டுக்குப் பெருஞ்செலவு செய்வதை அவர் அறிந்திருந்தார். வாற்கோதுமை நல்ல தானியம், விலையுடையது. அதனை ஊறவைத்து, முளைக்கவைத்து, உலர்த்தி எடுக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். பங்கசுக்கோ இரண்டு நாட்கள் போதும். அன்றியும், யப்பானியர் செய்தவாறு நல்ல அரிசியை அதற்கு இரையாக்க வேண்டியதில்லை என்பதைத் தக்காமினே கண்டார். அமெரிக்க மாவாலைகளிலே மலைபோற் குவியும் கோதுமைத் தவிடே போதுமானதாயிற்று. தவிட்டிலே பங்கசு உண்பதற்கு வேண்டிய சத்துக்கள் எஞ்சியுள்ளன. தவிட்டுத் துகள்களுக்கிடையே காற்றும் நன்கு உலவும். காற்றின்றேல் அப்பங்கசு செழிக்காது. ஆகவே கழிவென்று கருதப்பட்ட பொருள், முதற்பொருளுக்கு ஈடாக மட்டுமன்றி, அதனினும் ஏற்ற நிலமாகவும் அமைந்தது.

1890ஆம் ஆண்டில் தக்காமினே மனைவியுடனும் மைந்தர் இருவருடனும் அமெரிக்கா சென்றார். இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரம் அக்காலத்தில் விஸ்கித் தொழிலின் தலைநகராய் விளங்கிற்று. வடிசாலைகள் பலவற்றை ஒருங்கிணைத்த பெருங்கூட்டு நிறுவனம் ஒன்று அங்கே இருந்தது. வடிசாலையிலே எஞ்சும் தானியச் சக்கையை மாடுகளுக்கு ஊட்டி அதிலும் வருவாய் கண்ட அந்நிறுவனம், தன் பெயரிலேயே வடித்தற் றொழிலோடு மாடு கொழுக்க வைக்கும் தொழிலையும் சேர்த்துக் கூறிக்கொண்டது. கழிவின் பெறுமதியை அறிந்த அந்நிறுவனத்தார் தக்காமினேயின் முறையைச் சோதித்துப் பார்க்க இசைந்தனர்.

ஆனால் பியோரியாவிலே மால்ட் ஆக்கும் தொழிலைச் சார்ந்து வாழ்ந்தோர் பலர் இருந்தனர். ஆலை முதலாளிகள் மால்ட் சாலைகளிலே பெருமுதல் இட்டிருந்தனர்; தொழிலாளர் அதிலே வாழ்நாளைச் செலவிட்டிருந்தனர். மொழியும் நிறமும் வேறான ஓர் அந்நியர் வந்து, ஒரு வாரத்து வேலையை இரண்டு நாட்களில், தவிட்டைக்கொண்டு முடிப்பேன் என்றபோது அவர்கள் அஞ்சியது இயல்பே. அவர்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது, நியாயமன்று. புதிய முறை வெல்லுமாயின் இழப்பு அவர்களுடையதே. மால்ட் தொழிலாளரையே புதிய முறையில் அமர்த்தத் தக்காமினே முன்வந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதினோர் கூறுவர். எனினும் பகைமை தணியவில்லை. சோதனை நடைபெற்ற ஆலை தீக்கிரையாயிற்று. வேண்டுமென்றே வைத்த தீ என்ற பேச்சு அன்றும் இருந்தது, பின்னரும் இருந்தது, உறுதிப்படவில்லை. இடர்கள் அத்துடன் நிற்கவில்லை. கடுமையான கல்லீரல் நோய் அவரைப் படுக்கையிற் கிடத்திற்று. ஆதரவு தந்த பெருங்கூட்டு நிறுவனமும் கடன்பட்டு 1895ஆம் ஆண்டில் நிலைகுலைந்தது. மால்ட்டை வெல்லப் புறப்பட்ட முயற்சி அவ்வாறு முடிந்தது.

இவ்விடர்களுக்கிடையிலேதான் தக்காமினேயின் சிந்தை வேறு வழியில் திரும்பிற்று. வடிசாலைக்கு வேண்டியது மது. நொதியம் அதற்கு ஒரு துணைப்பொருளே. அந்த நொதியத்தையே விற்பனைப் பொருளாக்கினால் என்ன? பங்கசு படர்ந்த தவிட்டை நீரிற் கழுவி, அச்சாற்றிலே மதுசாரத்தைச் சேர்த்து, படியும் பொருளை உலர்த்தித் தூளாக்கினார். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் பாயனும் பெர்சோவும் மால்ட்டிற் செய்ததை அவர் பங்கசிற் செய்தார் எனலாம். 1894ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் அமெரிக்க அரசு அம்முறைக்கு 525,823 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமையை வழங்கிற்று. நுண்ணுயிரிலிருந்து பெற்ற நொதியம் ஒன்றுக்கு அந்நாட்டில் வழங்கப்பட்ட முதல் ஆக்கவுரிமை அதுவென்பர்.

தம் பெயரின் முற்பகுதியைச் சேர்த்துத் தக்கா-டயஸ்டேசு என்று அத்தூளுக்கு அவர் பெயரிட்டார். திற்றோயிற் நகரத்துப் பார்க்-டேவிஸ் என்னும் மருந்து நிறுவனம் 1895ஆம் ஆண்டில் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மாவுணவு செரியாமல் வருந்துவோருக்கு அது மருந்தாயிற்று. யப்பானிலே அதனை விற்பதற்கென 1899ஆம் ஆண்டில் சாங்கியோ என்னும் வணிக நிலையம் தோன்றிற்று; 1913ஆம் ஆண்டில் அது பெருநிறுவனமாக வளர்ந்தபோது தக்காமினேயே அதன் முதல் தலைவரானார். அம்மருந்து மக்களிடையே எவ்வளவு பரவியது என்பதற்கு நத்சுமே சோசெக்கியின் ‘நான் ஒரு பூனை’ என்னும் புகழ்பெற்ற யப்பானிய நாவலே சான்று. 1905ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அந்நாவலிலே, வயிற்றுக்கோளாறால் வருந்தும் ஆசிரியர் உட்கொள்ளும் மருந்து தக்கா-டயஸ்டேசே.

இங்கு ஒரு கேள்வி எழுதல் இயல்பு. அந்தப் பங்கசைத் தேடிக் கண்டவர் தக்காமினே அல்லர். பெயர் அறியப்படாத கோஜி ஆக்குவோர் பல தலைமுறைகளாக நல்ல வித்தியைத் தெரிந்தெடுத்து, தீயதை விலக்கி, மரச்சாம்பலைக் கலந்து வேற்று நுண்ணுயிர்கள் அணுகாவண்ணம் காத்து, அதனை வளர்த்தெடுத்தனர். நுண்ணுயிர் என்ற ஒன்று உண்டென்பதை உலகம் அறியுமுன்னரே அவர்கள் அதனைப் பயிரிட்டனர். ஆக்கவுரிமைப் பத்திரத்திலோ ஒருவர் பெயரே உளது. தக்காமினேயின் பங்கு சிறிதன்று. அரிசியினின்று தவிட்டுக்கும், உணவினின்று மருந்துக்கும் அவ்வறிவை இட்டுச் சென்றவர் அவரே. ஆயினும் அவர் எடுத்துச் சென்ற செல்வம் அவருக்கு முன்னரே விளைந்திருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

தக்காமினே பின்னர் நியூயோர்க்கிலே ஆய்வுகூடம் அமைத்தார். 1900ஆம் ஆண்டில் அவ்வாய்வுகூடத்திலே அவரும் உதவியாளர் கெய்சோ உவேனாக்காவும் அதிரினலீனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர். மால்ட்டை வெல்லும் ஆசையும் அவரை விட்டு நீங்கவில்லை. தட்டுகளுக்குப் பதிலாகச் சுழலும் உருளைகளிலே தவிட்டுப் பங்கசை வளர்க்கும் முறையை வகுத்தார். 1913ஆம் ஆண்டில் கனடா நாட்டு வடிசாலை ஒன்றிலே அது பெரிய அளவிற் சோதிக்கப்பட்டது. மாவை வெல்லமாக்குவதிலே பங்கசு குறைபடவில்லை. ஆனால் குடிப்போர் நாவுக்குப் பழகிய மணமும் சுவையும் மால்ட்டின் பக்கமே நின்றன. 1922ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் நியூயோர்க்கிலே தக்காமினே காலமானார். மால்ட் தன் இடத்திலேயே இருந்தது.

எனினும் அவர் விட்டுச்சென்ற தூள் ஆராய்ச்சியாளருக்கு வற்றாத சுரங்கமாயிற்று. அதிலே மாப்பொருளை உடைக்கும் நொதியம் மட்டுமன்றி வேறு பல நொதியங்களும் கலந்திருந்தன. 1957ஆம் ஆண்டில் சாத்தோ, பூஜியோ எகாமி என்னும் யப்பானிய அறிஞர்கள் தக்கா-டயஸ்டேசிலிருந்து ரைபோ நியூக்கிளியேசு ரி1 என்னும் நொதியத்தைக் கண்டெடுத்தனர். கருவமிலத்தைக் குறிப்பிட்ட இடத்திலே மட்டும் வெட்டும் நுண்ணிய கத்தரி அது. அமெரிக்கரான றொபேட் ஹொலி, ஒரு முழுக் கருவமில மூலக்கூறின் எழுத்து வரிசையை உலகிலே முதன்முதலாக 1965ஆம் ஆண்டில் வாசித்து வெளியிட்டபோது, அவர் கையாண்ட முக்கிய கருவிகளுள் இக்கத்தரியும் ஒன்று. 1968ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். செரியாமைக்கு விற்ற மருந்துத் தூள், உயிரின் எழுத்தைப் படிக்கவும் உதவிற்று.

பியோரியா நகரின் கதையும் தக்காமினேயோடு முடிந்துவிடவில்லை. வேளாண்மை விளைவின் மிகுதிக்கும் எச்சத்துக்கும் புதிய பயன் காணும் நோக்குடன் அமெரிக்க அரசு 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால் நான்கு ஆய்வு நிலையங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று 1940ஆம் ஆண்டில் அந்நகரிலே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஒக்ஸ்போர்ட் அறிஞர்கள் பெனிசிலினைப் பெருக்கும் வழி தேடி அங்கே வந்தனர். சோளத்திலிருந்து மாப்பொருள் எடுக்கும் ஆலையின் கழிவுநீரே பெனிசிலின் பங்கசுக்குச் சிறந்த உணவென்று அங்கே தெரியவந்தது. அப்பணியிலே வளர்ந்த ஆழ்தொட்டி முறை பின்னர் நொதியத் தொழிலுக்கும் வந்தது. தவிட்டுத் தட்டுகள் பலவிடங்களில் மறைந்து, காற்றூட்டிக் கலக்கும் பெருந்தொட்டிகள் எழுந்தன.

மாப்பொருளை வென்ற மனிதரின் நோக்கு அடுத்து வைக்கோலின்மீதும் கரும்புச் சக்கையின்மீதும் சென்றது. அவற்றிலுள்ளது செலுலோசு, மாப்பொருளினும் பன்மடங்கு உறுதியானது. அதனை உடைக்க வல்ல பங்கசு, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தென்கடற்றீவுகளிலே அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் உக்கி அழிந்தன. காரணத்தை ஆராய்ந்தோர் சேர்த்த பங்கசுகளுள் ஒன்று செலுலோசை உடைப்பதில் ஒப்பற்றதென்று கண்டனர். எல்வின் றீஸ் என்னும் அறிஞர் அதனைப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1977ஆம் ஆண்டில் அவர் நினைவாக அதற்குத் திரைக்கோடெர்மா றீசெய் என்று பெயரிடப்பட்டது.

வைக்கோலையும் தட்டையையும் எரிபொருளாக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் வளர்ந்தது. 2015ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்து நெவாடா என்னும் ஊரிலே டூப்பொண்ட் நிறுவனம் சோளத் தட்டையிலிருந்து மதுசாரம் ஆக்கும் பேராலையைத் திறந்தது. 2017ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. வயலில் வீணே கிடப்பதாகத் தோன்றும் தட்டையையும் வெட்டி, கட்டி, ஏற்றி, காத்து வைக்கச் செலவுண்டு. எரிபொருளோ மலிவாக விற்கவேண்டிய பண்டம். ஆயினும் அந்நொதியம் தோற்றுவிடவில்லை. நீலக்காற்சட்டைத் துணியை மென்மையாக்கவும், சலவைத் தூளின் ஆற்றலைக் கூட்டவும் அவ்வகை நொதியங்கள் நாள்தோறும் பயன்படுகின்றன.

தக்காமினேயின் வாழ்விலே நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. பழைய பெருந்தொழிலின் எதிரே நின்று போரிட்டபோது நொதியம் பின்வாங்கிற்று. தன் ஆற்றலையே விலையாகக் கொண்டு சிறு வாயில் ஒன்றைத் தேடியபோது வென்றது. ஆய்வுகூடத்திலே பங்கசு என்றும் தோற்றதில்லை. அதன் பயன் எவருக்குச் சேரும், எவருடைய பிழைப்பு அதனால் நீங்கும் என்னும் கேள்விகளே ஒவ்வொரு முறையும் தீர்ப்பை எழுதின. அக்கேள்விகளுக்கு விடை காணாது ஒரு கழிவைச் செல்வமாக்குதல் அரிது என்பதை 1444ஆம் ஆண்டின் கியோத்தோவும் தக்காமினே கண்ட பியோரியாவும் ஒருங்கே உணர்த்துகின்றன.

தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, வாழ்க என்னும் விருப்பத்தோடு வாங்கப்பட்ட பிள்ளை. தவிடு அங்கே இகழ்ச்சிக்குரிய பொருளாக மட்டும் நிற்கவில்லை. ஓர் உயிரைக் காக்கும் ஈடாகவும் நின்றது. முன்னோர் நம்பிக்கையால் தவிட்டுக்கு அளித்த அந்த மதிப்பை, பின்னாளில் ஒரு பங்கசு தன் உழைப்பினால் அதற்குப் பெற்றுத் தந்தது.